யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர்: பெட்டி சொல்வதும் சொல்லாததும்

யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர் என்பது இணையக் கம்பியைக் கணினியின் யூஎஸ்பி துளை வழியாக இணைக்க உதவும் சிறு கருவி ஆகும். அதன் ஒரு முனையில் யூஎஸ்பி செருகி இருக்கும். மறுமுனையில் இணையக் கம்பியை ஏற்கும் ஆர்ஜே 45 துளை இருக்கும். கடைகளில் இதற்கு 'யூஎஸ்பி டு லேன்' அல்லது 'லேன் கன்வெர்ட்டர்' என்று பெயர். வெறுமனே 'அடாப்டர்' என்று கேட்டால் கைப்பேசி சார்ஜரை எடுத்து நீட்டுவார்கள்.

இக்கட்டுரை வீட்டுக் கணினிக்கு வாங்கப்படும் ஒரு பொருள் என்ற முறையில் இக்கருவியை மதிப்பிடுகிறது. கருவி நல்லது, பயனுள்ளது. ஆனால் அது விற்கப்படும் முறை சரியில்லை. பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் வேக எண், வாங்குபவருக்குக் கிடைக்கப்போகும் வேகத்தைச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய விவரமான உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பதே இல்லை. எனவே எண்ணைப் பார்த்து வாங்காமல், சிப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே இம்மதிப்பீட்டின் முடிவு. அதற்கான காரணங்கள் கீழே தரப்படுகின்றன.

தேவை ஏன் வந்தது

ஈத்தர்நெட் என்பது கணினிகளைக் கம்பி மூலம் இணைக்கும் முறை. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இதை உருவாக்கத் தொடங்கினர். 1983-இல் இது ஐஇஇஇ 802.3 என்ற தரமாக வெளிவந்தது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். 1995-இல் 100 மெகாபிட்டும், 1999-இல் சாதாரண முறுக்கிய செம்புக் கம்பியிலேயே 1000 மெகாபிட்டும் தரமாயின. இந்த 1000 மெகாபிட்டைத்தான் கிகாபிட் என்கிறோம்.

பல ஆண்டுகள் எல்லாக் கணினிகளிலும் ஈத்தர்நெட் துளை இருந்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளிலும் பெரும்பாலும் இருந்தது. பின்னர் மடிக்கணினிகள் மெலிந்தன. அந்தத் துளையின் உயரம் மெலிவுக்குத் தடையாக இருந்ததால் அது நீக்கப்பட்டது. 2008-இல் வந்த மேக்புக் ஏர் இதற்கு நன்கு அறியப்பட்ட தொடக்கம். அதில் ஈத்தர்நெட் துளை கிடையாது. வேண்டுவோர் யூஎஸ்பி அடாப்டரைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இன்று மலிவான மடிக்கணினிகள் பலவற்றிலும் இதே நிலைதான்.

நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு, அது மின்னல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கும்போது கம்பி வழியாக வரும் மின்னெழுச்சி கணினியின் லேன் துளையைக் கெடுத்துவிடும். கம்பத்திலிருந்து வீடு வரை செம்புக் கம்பியில் இணையம் வரும் தெருக்களில் இது அடிக்கடி நடக்கும். கணினியின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்க, அந்தத் துளை மட்டும் செத்துப்போகும். அதற்காக மதர்போர்டை மாற்றுவது கட்டுப்படியாகாது. அப்போது இந்தச் சிறு அடாப்டர்தான் கைகொடுக்கும்.

வீட்டில் வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். ரேழியில் ரூட்டர், இரண்டாம் கட்டில் கணினி, நடுவே கனத்த சுண்ணாம்புச் சுவர்கள் என்று அமைந்த பழைய வீடுகளில் வைஃபை அலை பாதியில் தேய்ந்துவிடுகிறது. ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தேயாமல் செல்லும். 2018 முதல் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு இணைய வழியில் நடக்கிறது. விருப்பக் கல்லூரிகளைப் பதியும் நேரத்தில் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கம்பி இணைப்பின் அருமை அப்போதுதான் தெரியும்.

இரண்டு மடைகள்

இக்கருவியைப் புரிந்துகொள்ளக் காவிரிப் பாசனத்தை நினைத்தால் போதும். கல்லணையில் எவ்வளவு நீர் திறந்தாலும், வயலுக்கு வருவது அதன் மடை விடுகிற அளவுதான். வழியில் உள்ள மடைகளில் எது மிகக் குறுகியதோ அதுவே அளவைத் தீர்மானிக்கிறது.

இந்த அடாப்டரில் இரண்டு மடைகள் உள்ளன. ஒன்று கம்பிப் பக்கம், அதாவது ஈத்தர்நெட். மற்றொன்று கணினிப் பக்கம், அதாவது யூஎஸ்பி. பெட்டியில் அச்சிடப்படும் 10/100 அல்லது 1000 என்ற எண் கம்பிப் பக்கத்து மடையை மட்டும் குறிக்கிறது. யூஎஸ்பி பக்கத்து மடை பெரும்பாலும் மூன்று அளவுகளில் ஒன்றாக இருக்கும்.

1. யூஎஸ்பி 1.1 (1998): நொடிக்கு 12 மெகாபிட்.
2. யூஎஸ்பி 2.0 (2000): நொடிக்கு 480 மெகாபிட்.
3. யூஎஸ்பி 3.0 (2008): நொடிக்கு 5000 மெகாபிட்.

இவை ஏட்டளவிலான உச்சங்கள். தரவுடன் செல்லும் கட்டுப்பாட்டுச் செய்திகளும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் குறைவாகவே கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 700 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் காணொளியை இறக்க வேண்டும். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே மொத்தம் 5600 மெகாபிட். 100 மெகாபிட் மடையில் இது 56 நொடியில் முடியும். 480 மெகாபிட் மடையில் ஏறக்குறைய 12 நொடி. 12 மெகாபிட் மடையிலோ 467 நொடி, அதாவது 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் '100' என்று போட்ட கருவி, உள்ளே 12-இன் மடையை வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை எட்டு நிமிடம் ஆகும்.

அப்படியும் செய்வார்களா என்றால், செய்கிறார்கள். எஸ்ஆர் 9700 என்ற சிப் கொண்ட அடாப்டர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கம்பிப் பக்கம் 100 மெகாபிட், யூஎஸ்பி பக்கம் 1.1, அதாவது 12 மெகாபிட். லினக்ஸ் கெர்னலில் இந்தச் சிப்புக்கான டிரைவரின் விளக்கத்திலேயே இது யூஎஸ்பி 1.1 கருவி என்று வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் கடையில் இது 'யூஎஸ்பி 2.0, 10/100' என்ற பெட்டியில் கிடைக்கும்.

இது அப்பட்டமான பொய்யா என்றால் அதுவும் இல்லை என்பதே இதில் வருத்தம். யூஎஸ்பி 2.0 தரத்துக்குள்ளேயே பழைய 12 மெகாபிட் வேகமும் ஒரு பிரிவாக அடங்கியிருக்கிறது. அந்தப் பிரிவுக்குப் பெயர் 'ஃபுல் ஸ்பீடு'. 480 மெகாபிட் பிரிவுக்குப் பெயர் 'ஹை ஸ்பீடு'. 'முழு வேகம்' என்று அர்த்தம் தரும் சொல், 'உயர் வேகம்' என்பதைவிட நாற்பது மடங்கு மெதுவானதைக் குறிக்கிறது. பெட்டியில் 'யூஎஸ்பி 2.0 ஃபுல் ஸ்பீடு' என்று எழுதினால் சொல்லளவில் தவறில்லை. வாங்குபவர் மட்டும் ஏமாறுகிறார்.

அனுபவத்தில் ஒன்று

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் பாபநாசத்தில் எங்கள் வீட்டு மேசைக்கணினியின் லேன் துளை மின்னலில் போயிற்று. கும்பகோணம் சென்றிருந்தபோது ஒரு கடையில் அடாப்டர் ஒன்று வாங்கி வந்தேன். 10/100 என்று போட்டிருந்தது. எங்கள் இணையத் திட்டம் 50 மெகாபிட். 100-க்குள் 50 அடங்கும் என்று கணக்குப் போட்டேன்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்து பாடக் காணொளி பார்க்க உட்கார்ந்தால், படம் நின்று நின்று ஓடியது. வேகத்தை அளந்து பார்த்ததில் ஏழு, எட்டு மெகாபிட்டைத் தாண்டவில்லை. இணையம் தரும் நிறுவனத்துக்குப் புகார் செய்தேன். ஒரு தம்பி வந்தார். தம் மடிக்கணினியில் அதே கம்பியைச் செருகிக் காட்டினார். 48 வந்தது. "லைன்ல குறை இல்ல சார், உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ இருக்கு" என்றார். நான் என் திரையைக் காட்டினேன். இணைப்பு வேகம் 100 என்று விண்டோஸே சொல்லிக்கொண்டிருந்தது. கணினி 100 என்கிறது, நீங்கள் சாக்குச் சொல்கிறீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டேன். இரண்டாம் முறை வந்தபோதும் அதே பேச்சுத்தான். பிறகு கோபத்தில் திட்டத்தை 100 மெகாபிட்டுக்கு உயர்த்தினேன். நான்கு மாதம் கூடுதல் கட்டணம் கட்டினேன். வேகம் அப்படியே இருந்தது.

அடுத்த விடுமுறையில் பேத்திதான் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "தாத்தா, இதுல 9700-னு ஒரு நம்பர் போட்டிருக்கு, அது என்னன்னு பாருங்க" என்றாள். தேடிப் பார்த்தபோதுதான் எஸ்ஆர் 9700 பற்றி அறிந்தேன். தொட்டியில் ஒரு குழாய் நீர் நிரப்புகிறது, மற்றொரு குழாய் வெளியேற்றுகிறது என்று பல ஆண்டுகள் வகுப்பில் கணக்கு நடத்தியவன், சொந்த வீட்டில் ஒரு குழாயை மட்டும் பார்த்து விடை எழுதியிருக்கிறேன். வேறு சிப் கொண்ட அடாப்டர் வாங்கி மாட்டிய அன்றே வேகம் சரியாயிற்று. திட்டத்தைப் பழைய 50-க்கே இறக்கிக்கொண்டேன். அந்தத் தம்பியைத் தெருவில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், பல வீட்டுல இதே கதைதான்" என்றார்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. விண்டோஸ் காட்டும் 'இணைப்பு வேகம்' என்பது அடாப்டருக்கும் கம்பியின் மறுமுனைக்கும் இடையில் ஒத்துக்கொள்ளப்பட்ட வேகம் மட்டுமே. யூஎஸ்பி மடையின் அளவு அதில் சேராது. கிகாபிட் அடாப்டரை யூஎஸ்பி 2.0 துளையில் செருகினாலும் அங்கே 1.0 கிகாபிட் என்றே காட்டும்.

சிப்களின் குணம்

சந்தையில் நூற்றுக்கணக்கான பெயர்களில் அடாப்டர்கள் கிடைத்தாலும், உள்ளே இருக்கும் சிப்கள் சிலவே. ஒரே சிப் பல பெயர்களில் விற்கும். ஒரே பெயரில் இந்த ஆண்டு ஒரு சிப், அடுத்த ஆண்டு வேறு சிப் என்றும் வரலாம். ஆகவே தயாரிப்பின் பெயரைவிடச் சிப்பின் பெயரே நம்பத் தக்கது.

ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8152 என்பது யூஎஸ்பி 2.0, 100 மெகாபிட் சிப். இரண்டு மடைகளும் பொருந்தியிருப்பதால் 100 என்று சொன்னால் அதற்கு நெருக்கமாகவே தரும். ஆர்டிஎல் 8153 என்பது யூஎஸ்பி 3.0, கிகாபிட். ஆர்டிஎல் 8156 என்பது 2.5 கிகாபிட். ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஏஎக்ஸ் 88772 வரிசை யூஎஸ்பி 2.0, 100 மெகாபிட். ஏஎக்ஸ் 88179 யூஎஸ்பி 3.0, கிகாபிட். இவை யாவும் நன்கு புழக்கத்தில் உள்ள சிப்கள். இவற்றில் எதை வாங்கினாலும், தேவைக்கு ஏற்ற வகை என்றால், வீட்டுக்குக் குறை வைக்காது.

ஏசிக்ஸின் ஏஎக்ஸ் 88178 சற்று வேறுபட்டது. கம்பிப் பக்கம் கிகாபிட், யூஎஸ்பி பக்கம் 2.0. பெட்டியில் 1000 என்று போடலாம், ஆனால் 480-க்கு மேல் எப்படியும் போகாது. 100-ஐவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற அளவில் அது பயனுள்ளதே. பெட்டி அதைச் சொன்னால் குற்றமில்லை. சொல்லாமல் 1000 என்று மட்டும் போடுவதுதான் குற்றம்.

மலிவுப் போலிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொரு வலைக்கருவிக்கும் மேக் முகவரி என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். சில போலிகளில் எல்லாக் கருவிக்கும் ஒரே எண்ணைப் பதித்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் ஒன்று இருக்கும்வரை தெரியாது. ஒரு பள்ளிக் கணினி அறைக்குப் பத்து வாங்கினால் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு எதுவுமே சரியாக ஓடாது. பள்ளிகளுக்கு மொத்தமாக வாங்கும் ஆசிரியர்கள் முதலில் இரண்டு மட்டும் வாங்கி ஒரே நேரத்தில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

டிரைவர் என்னும் சங்கடம்

இணையம் கிடைக்க அடாப்டர் வேண்டும். அடாப்டர் ஓட டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளும் வீடுகள் பல. பெட்டிக்குள் சின்னஞ்சிறு குறுந்தகடு ஒன்றை வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் லேன் துளையே இல்லாத மெல்லிய மடிக்கணினியில் குறுந்தகடு போடும் இடம் எங்கே இருக்கும்? கருவியைச் செய்தவர் அது எந்தக் கணினியில் மாட்டப்படும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

விண்டோஸ் 10-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் மேலே சொன்ன ரியல்டெக் 8153, ஏசிக்ஸ் 88179 போன்ற சிப்கள் பெரும்பாலும் தாமாகவே வேலை செய்யும். பழைய விண்டோஸ் 7 உள்ள கணினியில் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். லினக்ஸ் கெர்னலில் இவ்விரு வகைச் சிப்களுக்கான டிரைவர்களும் 2013 வாக்கில் சேர்க்கப்பட்டன. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் ஏறிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றில் 2013-க்கு முந்தைய பதிப்பே இருந்தால், புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகே இச்சிப்கள் எளிதில் ஓடும்.

கைப்பேசி இருந்தால் இந்தச் சுற்றை உடைக்கலாம். கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி டெதரிங் மூலம் கணினிக்குக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். அல்லது கைப்பேசியிலேயே டிரைவரை இறக்கி, கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றலாம்.

உர மூட்டையும் அடாப்டர் பெட்டியும்

நம் பகுதி உழவர் யாரும் 'நல்ல விளைச்சல் தரும்' என்று மட்டும் எழுதிய மூட்டையை வாங்க மாட்டார். உர மூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். விதை மூட்டையில் முளைப்புத்திறன் எழுதியிருக்க வேண்டும். சரக்கின் உள்ளடக்கமே அதன் தரம் என்பதால் இந்த ஏற்பாடு.

மின்னணுச் சாமான்களுக்கு இந்த ஒழுங்கு இல்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, நுகர்வோர் தொடர்பு விவரம் முதலியவை இருக்க வேண்டும். இவை தேவையானவைதாம். யார் மீது புகார் செய்யலாம் என்பதை இவை சொல்கின்றன. எதை வாங்கினோம் என்பதைச் சொல்வதில்லை. யூஎஸ்பி பக்கத்து வேகம் இது, சிப் இது, எந்தெந்த இயங்குதளத்தில் டிரைவர் இல்லாமல் ஓடும் என்ற மூன்றே மூன்று வரிகள் அச்சிட ஆகும் செலவு ஒன்றுமில்லை. அதைச் செய்யாததற்குக் காரணம் இடமின்மை அன்று. சொன்னால் சில சரக்கு விற்காது என்பதே.

நேர்மையாகச் சொல்ல முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2018 மார்ச்சில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி பிளஸ் என்ற சிறு கணினியில் கிகாபிட் ஈத்தர்நெட் துளை இருந்தது. ஆனால் அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. தயாரித்தவர்கள் தங்கள் விவரக் குறிப்பிலேயே 'யூஎஸ்பி 2.0 வழியாகக் கிகாபிட் ஈத்தர்நெட், அதிகபட்சம் 300 மெகாபிட்' என்ற பொருள்பட எழுதினார்கள். யாரும் அதனால் அக்கணினியை வாங்காமல் விடவில்லை. குறையை முன்கூட்டிச் சொன்னதால் நம்பிக்கைதான் கூடியது.

இணையக் கடைகளில் வாங்கியவர்கள் இடும் நட்சத்திரங்களும் இதற்கு மாற்று ஆகா. மாட்டியவுடன் இணையம் வந்தால் ஐந்து நட்சத்திரம், வராவிட்டால் ஒன்று என்றே பலர் இடுகிறார்கள். 12 மெகாபிட் கருவியும் மாட்டியவுடன் ஓடும், அதற்கும் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும். எழுத்தில் உள்ள கருத்துகளில் யாராவது சிப்பின் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் அந்த ஒன்றே நூறு நட்சத்திரத்துக்குச் சமம்.

ஒரு மறுப்பும் விடையும்

சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா, கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கெட்டுப்போகும் சாமானுக்கு இந்த வாதம் பொருந்தும். இது கெடுவதில்லை. மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, திரையில் 100 என்று காட்டுகிறது. குறை அடாப்டரில் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. இணைய நிறுவனத்தின் மீதும், கணினியின் மீதும், சில வீடுகளில் எந்நேரமும் கணினியில் இருக்கும் பிள்ளையின் மீதும் பழி விழும். திட்டத்தை உயர்த்தி மாதாமாதம் பணம் கட்டுவார்கள். அடாப்டரில் மிச்சம் பிடித்த தொகை ஓரிரு மாதத்தில் கரைந்துவிடும். படிக்கும் பிள்ளை இழந்த நேரத்துக்கு ஈடு கிடையாது.

எதிர்த் தவறும் உண்டு. நல்லது வாங்க வேண்டும் என்று 2.5 கிகாபிட் அடாப்டரை வாங்குவோர் இருக்கிறார்கள். வீட்டுத் திட்டம் 50 அல்லது 100 மெகாபிட் என்றால், ரூட்டரின் லேன் துளையும் 100 என்றால், ஆர்டிஎல் 8152 அல்லது ஏஎக்ஸ் 88772 கொண்ட சாதாரண அடாப்டரே முழுப் பயனைத் தந்துவிடும். விலை கூடியது எப்போதும் கூடுதலாகத் தராது. மற்ற மடைகளைவிட அகலமான மடையால் வயலுக்கு ஒரு சொட்டும் மிகாது.

வாங்கும் முன்

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் லேன் துளை பாதி மூடிய தாடை போன்ற அமைப்பில் இருக்கும். கீழே இழுத்தால் திறக்கும். அதைக் கவனிக்காமல் அடாப்டர் வாங்கியவர்கள் உண்டு. மேசைக்கணினியில் காலியான பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் இருந்தால், உள்ளே பொருத்தும் லேன் கார்டு நல்ல மாற்று.

அடுத்து, கம்பியைச் சோதியுங்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியில் இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எலி கடித்தோ, முனை சரியாக அழுத்தப்படாமலோ ஒரு ஜோடி அறுந்தால் கிகாபிட் 100-க்கு இறங்கிவிடலாம். அடாப்டரைப் பழிக்கும் முன் வேறு கம்பி மாட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு, கணினியின் யூஎஸ்பி துளை எந்த வகை என்று பாருங்கள். உள்ளே நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. எல்லோரும் இந்த நிறத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் கணினியின் விவரக் குறிப்பையும் பார்ப்பது நல்லது. டைப் சி என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அன்று. யூஎஸ்பி 2.0 ஹப் வழியாக மாட்டினால் யூஎஸ்பி 3.0 அடாப்டரும் 2.0 ஆகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. "உள்ளே என்ன சிப்?" "யூஎஸ்பி பக்கம் எந்த வேகம்?" "ஓடாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" முதல் இரண்டுக்கும் விடை தெரியாத கடைக்காரரிடம் மூன்றாவதற்கு உறுதியான விடை இருந்தால் வாங்கலாம். மூன்றுக்கும் விடை இல்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். பில் கேட்டு வாங்க வேண்டும். மறுத்துப் பேசினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது.

வாங்கிய பின்

வாங்கிய அன்றே சோதிக்க வேண்டும், மாற்றும் காலம் கடந்தபின் அன்று. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் கருவியைத் தேர்ந்து, அதன் விவரப் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 0பிடிஏ, இரண்டாம் எண் 8153 என்றால் ரியல்டெக் கிகாபிட் சிப். முதல் எண் 0பி95 என்றால் ஏசிக்ஸ். 0எஃப்இ6, 9700 என்று இருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்பு வேகத்தை அளந்து பாருங்கள். அதே கம்பியை வேறொரு கணினியில் மாட்டி அளந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீடு இல்லாத அளவு பாதி அளவுதான். அடாப்டர் புதிது என்பதால் அதன் மேக் முகவரியும் புதிது. பழைய முகவரியைப் பதிவுசெய்து வைத்திருக்கும் சில இணைய நிறுவனங்களில் புதிய கருவி முதலில் ஓடாது. நிறுவனத்துக்குப் பேசி மாற்றச் சொன்னால் சரியாகும். இதற்காகவும் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இடி மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றி வையுங்கள். அடாப்டர் நடுவில் இருப்பதால் கணினிக்கு ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். மின்னெழுச்சி அதைத் தாண்டியும் செல்லக்கூடும்.

மதிப்பீடு

கருவி என்ற அளவில் யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டருக்கு நல்ல மதிப்பெண் தரலாம். லேன் துளை செத்த கணினிக்கு இது மறுவாழ்வு தருகிறது. துளையே இல்லாத கணினிக்குக் கம்பியின் உறுதியைத் தருகிறது. விற்பனைப் பொருள் என்ற அளவில் தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர இயலாது. வாங்குபவர் அறிய வேண்டியதை மறைத்து, அறியத் தேவையில்லாததைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் மாற வேண்டும். அது மாறும்வரை, சிப்பின் பெயரைக் கேட்கும் பழக்கத்தை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் கேட்கும்போது கடைக்காரர் விடை வைத்திருப்பார். உர மூட்டையின் எண்களைப் படிக்கக் கற்ற ஊருக்கு இந்த எண்களும் கடினம் அல்ல.